மூங்கில் வாளோடு ஓராண்டு: ஒரு கெண்டோ பயிற்சிக்கூடம்

ஜப்பானிய வாள்வீச்சுக் கலையான கெண்டோவைக் கற்றுத்தரும், டோக்கியோ புறநகரில் உள்ள இந்தப் பயிற்சிக்கூடத்தில் முதல் மூன்று மாதங்கள் கவசமே கிடையாது. பாதம் தரையை உரச நகர்வதும், நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாய் வாளை வீசுவதும் மட்டுமே பாடம். வாளுக்கே தேவையில்லாத காலத்தில் இது எதற்கு என்று கேட்போருக்கு, வாள்நெறியின் வழியே மனிதப் பண்பைச் செம்மைப்படுத்துவதே நோக்கம் என 1975இல் அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் வகுத்த வரையறையை ஆசிரியர் எடுத்துரைக்கிறார். குரலும் வாளும் உடலும் ஒரே கணத்தில் இணையாத அடிக்குப் புள்ளி இல்லை என்பதும், கை உயர்த்திக் கொண்டாடினால் பெற்ற புள்ளியே நீக்கப்படலாம் என்பதும் என்னை மிகவும் ஈர்த்தன. எழுபதைக் கடந்த அந்த ஆசிரியரை இளைஞர்களால் எளிதில் தொட முடிவதில்லை. வேறெந்த விளையாட்டில் இதைக் காண்போம்? இரவல் கவசத்தில் ஏறிய வியர்வை வாடை ஒன்றே குறை. கையுறையையாவது சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.