குவெஸ்ட் 3-ஆ, 3எஸ்-ஆ? தெளிவு எதில் அதிகம்

கோலாலம்பூரின் மின்னணுக் கடை வளாகமான லோயாட் பிளாசாவில், கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் விலை கேட்டால், பேச்சு சீக்கிரமே '4கே'-வுக்கு, அதாவது திரையின் குறுக்கே சுமார் நாலாயிரம் பிக்சல் என்பதற்கு, வந்துவிடும். குவெஸ்ட் 3 ஹெட்செட்டை அதைத் தயாரிக்கும் மெட்டாவே '4கே பிளஸ்' என்றுதான் விளம்பரப்படுத்தியது. ஒரு கண்ணுக்கு 2064 × 2208 பிக்சல். இரண்டு கண்ணின் அகலத்தையும் கூட்டினால் நாலாயிரத்தைத் தாண்டும், அவ்வளவுதான். டிவி தன் பிக்சல்களை நம் பார்வையின் ஒரு சிறு பகுதிக்குள் நெருக்கி அடுக்குகிறது. ஹெட்செட் அவற்றைக் கண்முன் அகலமாகப் பரப்பிவிடுகிறது.

அதனால், பார்வையின் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்று பார்ப்பதே சரி. குவெஸ்ட் 3-இல் சுமார் 25. 2024 அக்டோபரில் வந்த அதன் மலிவுப் பதிப்பான 3எஸ்-இல் சுமார் 20. அதன் 1832 × 1920 திரை 2020-இன் குவெஸ்ட் 2-இல் இருந்த அதே அளவு. நல்ல பார்வை உள்ள கண் 60 வரை பிரித்தறியும். இரண்டுமே அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஐந்து பிக்சலில் என்ன வந்துவிடப்போகிறது? ஒரு படம் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் எச்டியின் 1920 பிக்சலும் சிதையாமல் தெரிய, குவெஸ்ட் 3-இல் திரை சுமார் 77 டிகிரி அகலம் இருக்க வேண்டும். தியேட்டரில் முன்வரிசையில் உட்கார்ந்தது போலத்தான், ஆனாலும் பார்க்கலாம். 3எஸ்-இல் அதற்கு 96 டிகிரி வேண்டும். அதன் மொத்தப் பார்வை அகலமே அவ்வளவுதான்!

அந்த அகலத்தின் ஓரமும் 3எஸ்-இல் கலங்கலாகவே இருக்கும். காரணம் லென்ஸ். 3எஸ்-இல் இருப்பது வட்ட வட்டமாக வரி விழுந்த ஃபிரெனல் லென்ஸ். நடுவில் நன்றாக இருக்கும். கண்ணை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தினால் எழுத்து கரையும், கருப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் ஒளி கீற்றாகச் சிதறும். குவெஸ்ட் 3-இன் பான்கேக் லென்ஸில் ஏறக்குறைய ஓரம்வரை தெளிவு உண்டு. என்னைக் கேட்டால், கூடுதல் பணம் கொடுப்பது பிக்சலுக்காக அல்ல, இந்த லென்ஸுக்காகத்தான். தமிழ்ப் பக்கம் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: எழுத்து சிறிதானால் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும்.

நம் கண்மணிகளின் இடைவெளிக்கு ஏற்ப, லென்ஸ்களுக்கு இடையிலான தூரத்தை 3எஸ்-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளில் மட்டுமே வைக்கலாம். இவற்றுக்கு இடைப்பட்ட இடைவெளி உள்ள கண்ணுக்கு நடுத்தெளிவும் கொஞ்சம் குறையலாம். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட்டையும் சிலர் கேட்பார்கள். ஒரு கண்ணுக்கு 2000 × 2040, ஓலெட் திரை. இருட்டுக் காட்சியில் கருப்பு கருப்பாகவே இருக்கும், மற்ற இரண்டின் எல்சிடியில் அது சாம்பலாகத்தான் வரும். ஆனால் லென்ஸ் அதே ஃபிரெனல். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) விளையாட்டுக் கருவியோ, அடாப்டர் வழியாக இணைக்க நல்ல கேமிங் கணினியோ வீட்டில் இல்லாதவர்கள் இதை மறந்துவிடலாம்.

3எஸ் வந்தபோது அமெரிக்க விலை 299 டாலர். 512 ஜிபி குவெஸ்ட் 3 அப்போது 499. இரண்டிலும் ஒரே சிப். குதித்து ஆடும் விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் 3எஸ் தாராளமாகப் போதும். அசைந்துகொண்டே இருக்கும்போது ஓரத்தை யார் பார்க்கிறார்கள்? படம், பிரௌசர், கணினித் திரை என்றால் குவெஸ்ட் 3. கடையில் போட்டுப் பார்க்க விட்டால், விளையாட்டு டெமோ வேண்டாம். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் வரி முடியும்வரை ஓட்டிப் பாருங்கள்.