பலிபீடத்தருகிலா, முகப்பு மண்டபத்திலா: தேவாலயத்தில் தேசியக்கொடி

தேசியக்கொடியைப் பலிபீடத்தருகே நிறுத்துவோர், நாட்டுக்காக மன்றாடத் தூண்டும் அடையாளமாகவே அதைக் காண்கிறார்கள். ஆளுவோருக்காக வேண்டுதல் செய்யும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பதால், இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கொடி உள்ளே வந்தால் அதற்குரிய மரியாதை முறையும் கூடவே வந்துவிடுகிறது. அமெரிக்கக் கொடி விதிகளின்படி, தேவாலயத்தில் கம்பத்தில் நிறுத்தப்படும் நாட்டுக்கொடி, சபையை நோக்கி நிற்கும் போதகரின் வலப்புறத்தில், முதன்மையான இடத்தில் இருக்க வேண்டும். சிலுவை பொறித்த கிறிஸ்தவக் கொடி உடனிருந்தால் அது இடப்புறத்துக்குத்தான் போகும். வழிபாட்டுக் கூடத்திலேயே சிலுவைக்கு இரண்டாமிடம் என்பது, வைத்தவர்களே எண்ணிப் பார்த்திராத பொருளைத் தந்துவிடுகிறது. (1934இல், நாஜி அரசு திருச்சபையில் தலையிடுவதை எதிர்த்துப் பார்மன் அறிக்கையை வெளியிட்ட ஜெர்மானியத் திருச்சபையினர், அரசு திருச்சபைக்குள் நுழைவதன் ஆபத்தை நேரில் கண்டவர்கள்.)

முகப்பு மண்டபத்தில் வைப்பதில் இந்த நெருடல் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையும், முடிவை அந்தந்த மறைமாவட்ட ஆயரிடம் விட்டுவிட்டு, பீடப்பகுதிக்கு வெளியே வைப்பதையே ஊக்குவிக்கிறது. அங்கே போரில் மாண்டவர்களின் பெயர்ப்பலகையோடு கொடியும் நிற்கலாம். உள்ளே நற்கருணை பெற வரும் வேற்றுநாட்டவர் எந்த நாட்டுக்கொடியின் முன்பும் மண்டியிட வேண்டியதில்லை. எனக்கு இதுவே சரியெனப்படுகிறது. எனினும் பல ஆண்டுகளாக உள்ளே நின்ற கொடியை, மகனைப் போரில் இழந்த குடும்பத்தாரிடம் பேசாமல் அகற்றுவது முறையாகாது.