ஃபிஃப்த் வீல் இழுக்க எந்த டிரக்: முக்கால் டன்னா, ஒரு டன்னா, டூவலியா?

அமெரிக்காவில் டிரக் வாங்கப் போனால் விற்பனையாளர் வாயில் முதலில் வருவது இழுவைத் திறன்தான். முக்கால் டன் டீசல் பிக்கப்பைக் காட்டி (முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக் வகுப்புகளின் வழக்குப் பெயர்கள், உண்மையான சுமை அளவு அல்ல) 18,000 பவுண்டு இழுக்கும், 20,000 இழுக்கும் என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஃபிஃப்த் வீல் கேம்பர் (டிரக்கின் பின்பக்கச் சாமான் படுக்கைக்குள் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுக்கும் குடும்பத்துக்கு அந்த எல்லை வருவதற்கு வெகு முன்பே வேறொரு எல்லை முட்டிவிடும். அது டிரக்கின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்கிற பேலோட் கணக்கு. வருடக்கணக்கில் இழுத்துப் பழகியவர்கள் டிரக்கின் அளவை முடிவு செய்வது பேலோடை வைத்துத்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டிக்கு உரியது. கையேட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச எண்ணை நம்ப வேண்டாம். முழு டேங்க் டீசலின் எடையை அதில் ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். ஓட்டுநரின் எடையைக் கழிக்கவில்லை, இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய சில வண்டிகளில் இந்த ஸ்டிக்கர் இருக்காது. அப்போது பக்கத்து லேபிளில் உள்ள ஜி.வி.டபிள்யூ.ஆர். (வண்டியின் மொத்த எடை வரம்பு) எண்ணிலிருந்து, டேங்க் நிரப்பிய வண்டியை எடை மேடையில் ஏற்றிக் கிடைக்கும் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேம்பரின் அதிகபட்ச எடை 14,000 பவுண்டு, சாமான் ஏற்றியபின் 13,000 என்று வைத்துக்கொள்வோம். ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் (கேம்பரின் முன்பகுதியில் கீழ்நோக்கி நீட்டிய மாட்டு முளை) வழியாக டிரக்கின் மீது இறங்கும். 22 சதவீதம் என்றால் 2,860 பவுண்டு. ஹிட்ச் (கிங்பின்னைப் பிடிக்கும் பூட்டு) 200, நான்கு பேர் கொண்ட குடும்பம் 600, கருவிப்பெட்டி, ஐஸ் பெட்டி, நாய் எல்லாம் சேர்த்து 200. ஆக 3,860 பவுண்டு, அதாவது சுமார் 1,750 கிலோ.

எஃப்-250, ராம் 2500 போன்ற முக்கால் டன் வகை நான்கு கதவு, நான்கு சக்கர இயக்க டீசல் வண்டிகளின் ஸ்டிக்கரில் 2,000 முதல் 2,800 வரைதான் பெரும்பாலும் பார்க்கலாம். 2,400 என்றால் மேலே சொன்ன குடும்பம் 1,460 பவுண்டு அதிகம் ஏற்றிக்கொண்டு போகிறது. அதே கேம்பருக்கு இழுவைத் திறனில் மட்டும் இன்னும் பல ஆயிரம் பவுண்டு மிச்சம் இருக்கும்! எஃப்-350, ராம் 3500 போன்ற ஒரு டன் ஒற்றைச் சக்கர (பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம்) வண்டியில் 3,500 முதல் 4,000 வரை கிடைக்கும்; கணக்கு விளிம்பில் நிற்கும். பின் அச்சில் நான்கு சக்கரம் உள்ள டூவலியில் 5,000 முதல் 6,000 வரை கிடைப்பதால் ஓய்வாக இருக்கும்.

முக்கால் டன் டீசலின் பேலோட் இவ்வளவு குறைவதற்கு இரண்டு காரணம். இந்த வகை வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருப்பது ஒன்று. அரசு வகைப்பாட்டில் 2பி வகுப்பு அங்கே முடிகிறது. டீசல் எஞ்சினின் சொந்த எடை இன்னொன்று. 6.7 லிட்டர் கம்மின்ஸ் மட்டுமே ஏறக்குறைய 1,100 பவுண்டு. அதே முக்கால் டன்னைப் பெட்ரோல் எஞ்சினோடு எடுத்தால் பேலோட் சில நூறு பவுண்டு கூடும், விலையும் 10,000 டாலர் அளவுக்குக் குறையும். 10,000 பவுண்டுக்குள் டிராவல் டிரெய்லர் (டிரக்கின் பின்முனையில் மாட்டும் கேம்பர்) இழுத்துச் சமவெளியில் போகிறவருக்கு டீசல் அவசியமே இல்லை என்பது எங்கள் கருத்து.

மலை ஏறுகிறவர் கதை வேறு. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், ஆக அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீசலின் டர்போ பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அதைவிட முக்கியம் எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினையே வேகம் குறைக்க வைக்கும் ஏற்பாடு. சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தோர்னுக்கு இறங்கும் செங்குத்தான சரிவில், டோ மோடும் (இழுவைக்கான கியர் அமைப்பு) எக்ஸாஸ்ட் பிரேக்கும் போட்டால் பிரேக் பெடலை அபூர்வமாகத்தான் தொட வேண்டியிருக்கும். பெட்ரோலில் கியரைக் குறைத்தாலும் இடையிடையே பிரேக் பிடித்தாக வேண்டும், டிஸ்க் சூடாகும். ஏற்றத்துக்காக டீசல் வாங்கியவர்களும் பிறகு மெச்சுவது இறக்கத்தில் அது தரும் நிதானத்தைத்தான்.

ஸ்பிரிங் மெலிந்து பின்பக்கம் தாழ்ந்தால் ஏர் பேக் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். ஏர் பேக் வண்டியை மட்டமாக்கும், அவ்வளவுதான். அச்சு, டயர், லேபிள் எதன் வரம்பையும் அது கூட்டாது. டயரையே பாருங்கள்: எல்டி275/70ஆர்18, ஈ ரேஞ்ச் (சுமைத் தர வகை), 80 பி.எஸ்.ஐ. காற்றில் ஒன்றுக்கு 3,640 பவுண்டு தாங்கும். இரண்டு சேர்ந்தால் 7,280. வெறும் டீசல் டிரக்கின் பின் அச்சில் ஏற்கெனவே சுமார் 3,200 இருக்கும். கிங்பின் எடை ஏறக்குறைய முழுதும் பின் அச்சில்தான் விழும். 2,860, ஹிட்ச் 200, பின்சீட்டுப் பிள்ளைகளும் சாமானும் 500 என்று கூட்டினால் 6,760. காற்று பத்து பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் கோடை வெயிலில் அந்த மிச்சமும் கரைந்துவிடும். டூவலியின் எல்டி235/80ஆர்17 டயர் இரட்டையாகப் பூட்டும்போது ஒன்றுக்கு 2,835 வீதம் நான்கும் 11,340 தாங்கும். ஒன்று வெடித்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும்வரை பிடித்துக்கொள்ளும். வயோமிங் ஐ-80 போன்ற பக்கக்காற்றுச் சாலையில் டூவலி ஆடாமல் போவதை ஒருமுறை ஓட்டினாலே உணரலாம்.

டூவலியோடு தினமும் வாழ்வதுதான் கடினம். பின்பக்க அகலம் எட்டு அடி. கார் கழுவுமிடம், டிரைவ்-த்ரூ, நகர வாகன நிறுத்துமிடம் எல்லாமே இடைஞ்சல். உள் சக்கரத்துக்குக் காற்றடிக்க நீள வால்வும் பொறுமையும் வேண்டும். இரண்டு டயருக்கு நடுவே கல் சிக்கினால் எடுத்தே ஆக வேண்டும். பின்னால் பாரம் இல்லாதபோது ஈரப் புல்லிலும் பனியிலும் சக்கரம் சுழலும். ஆறு டயர் மாற்றும் செலவு வேறு.

படுக்கை நீளத்தில் எங்கள் ஓட்டு எட்டு அடிக்கு. குட்டைப் படுக்கையில் கூர்மையாகத் திரும்பும்போது கேம்பரின் மூக்கு டிரக்கின் பின்கண்ணாடியில் இடிக்கும். அதைத் தவிர்க்க நகரும் ஹிட்ச் பூட்டுவார்கள். அதன் எடை அதிகம்; கையால் நகர்த்தும் வகை என்றால் ரிவர்ஸ் எடுக்குமுன் பூட்டை விடுவிக்க வேண்டும், மறந்த நாளில் கண்ணாடி போய்விடும். கேம்பர் மட்டமாக நிற்கும்போது படுக்கையின் பக்கச் சுவருக்கும் மேலே நீட்டிய பகுதிக்கும் இடையே ஆறு அங்குலமாவது இருக்க வேண்டும். உயரமான நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இது எளிதில் அமையாது. மூக்கைத் தூக்கி ஓட்டினால் கேம்பரின் பின் அச்சு அதிகம் சுமந்து டயர் சீக்கிரம் தேயும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, கேம்பரைத் தேவைக்கு மேல் தூக்கி வைப்பது. கிங்பின், ஹிட்சின் தாடைக்கு மேலே ஏறி நிற்கும், கைப்பிடி மூடியதுபோல் தெரியும், கிளம்பியதும் கேம்பர் டிரக்கின் படுக்கைச் சுவரில் விழும். ஹிட்ச் தட்டு கிங்பின் பெட்டியை உரசி லேசாகத் தூக்கும் உயரம்தான் சரி. டார்ச் அடித்துத் தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியதைக் கண்ணால் பாருங்கள். பிறகு காலூன்றியைத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி, கேம்பர் பிரேக்கைக் கையால் அழுத்திக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே இழுத்துச் சோதியுங்கள்.

நீண்ட காலப் பராமரிப்பில் டீசலைப் படுத்துவது கேம்பர் இல்லாத மாதங்கள்தான். பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது புகைக்குழாய் சூடாகவே இருந்து டி.பி.எஃப். (டீசல் கரி வடிகட்டி) தானே சுத்தமாகிவிடும். வருடம் முழுக்க மளிகைக் கடைக்கும் பள்ளிக்கும் ஐந்து மைல் ஓடும் வண்டியில் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று கரி அடைக்கும். இரண்டாவது கார் இல்லாத வீட்டுக்கு நாங்கள் பெட்ரோலையே சொல்வோம்.

நாங்கள் கோடு போடும் இடம் இது: ஏற்றிய ஃபிஃப்த் வீல் 10,000 பவுண்டுக்குள் என்றால் முக்கால் டன் போதும், அதையும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான். அதிலிருந்து 14,000 வரை ஒரு டன் ஒற்றைச் சக்கரம். அதற்கு மேல் டூவலி. எஃப்-250க்கும் எஃப்-350 ஒற்றைச் சக்கரத்துக்கும் விலை வித்தியாசம் மிகச் சொற்பம், பெரும்பகுதிப் பாகங்களும் ஒன்றே. சந்தேகம் இருந்தால் 350ஐ எடுங்கள். ராமில் 2500க்குப் பின்னால் காயில் ஸ்பிரிங், 3500க்கு லீஃப். வெறும் வண்டியாக ஓட்ட 2500 சுகமாக இருக்கும், பாரத்துக்கு 3500 தான்.

கேம்பர் விளம்பரத்தில் போட்டிருக்கும் கிங்பின் எடை வெறும் வண்டியுடையது. பேட்டரி, கேஸ் சிலிண்டர், முன்பக்கச் சாமான் அறை எல்லாம் கிங்பின்னுக்கு அருகில்தான் இருக்கின்றன, நிரப்பியதும் அந்த எண் ஏறும். உண்மை எடையை நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடையில் எடுங்கள். முதலில் கேம்பரோடு, குடும்பம் உள்ளே இருக்க, முன் அச்சு ஒரு தட்டிலும் பின் அச்சு அடுத்ததிலும் கேம்பர் மூன்றாவதிலும் நிற்கும்படி. பிறகு கேம்பரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும், அதே ஆட்களோடு. முதல் சீட்டின் இரண்டு டிரக் அச்சு எடைகளையும் கூட்டி, இரண்டாவது சீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பது கிங்பின் எடை. 24 மணி நேரத்துக்குள் மறு எடைக்குக் கட்டணம் குறைவு.

உரிமத்தையும் முன்கூட்டியே பாருங்கள். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்குத் தனி ஒப்புதலும், 15,000ஐத் தாண்டினால் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமமும் வேண்டும். டெக்சஸில் கேம்பர் 10,000க்கு மேலிருந்து இரண்டின் வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால் ஏ வகுப்பு. டூவலியும் பெரிய கேம்பரும் சேர்ந்தால் அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும்.