38,350 ரூபாய்க்கு ஒரு ஆயில் சேஞ்ச்: டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. போனது 38,350 ரூபாய். ஒரு ஆயில் சேஞ்சுக்கு.

பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றி வடுகபட்டி சந்தைக்குப் போய்வருவது என் பிழைப்பு. சொந்த பிக்கப், நானே ஓட்டுகிறேன். இறங்கும்போது பூண்டு, ஏறும்போது உரமோ அரிசியோ. வெறும் வண்டியாக மலை ஏறிய நாள் குறைவு. காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் வரை கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் ஏற்றம், லோடு இருந்தால் பல வளைவுகளில் இரண்டாவது கியரைத் தாண்டாது. இந்த ஓட்டத்துக்குக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஆயிலை இழுக்கக் கூடாது. அதனால் எப்போதும் முன்கூட்டியே மாற்றிவிடுவேன். செய்வது மூஞ்சிக்கல் பக்கம் இருக்கும் நம் மெக்கானிக். அந்த வாரம் பார்த்து அவர் மகள் கல்யாண வேலையாக ஊருக்குப் போய்விட்டார். எனக்கோ அடுத்த லோடு நிற்கிறது.

கீழே மெயின் ரோட்டில் ஒரு ஆயில் கடை. டயர், பேட்டரி, ஆயில் எல்லாம் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. வாசலில் பெரிய போர்டு: "ஆயில் வாங்கினால் மாற்றித் தருவது இலவசம்". சந்தையில் அன்று பூண்டு நல்ல விலைக்குப் போயிருந்தது. கையில் காசு, மனசில் தெம்பு. வண்டியை உள்ளே விட்டேன்.

கடைக்காரர் என்னைவிட இளையவர். எந்த ஊர் என்று கேட்டார், பூம்பாறை என்றேன். "அட, குழந்தை வேலப்பர் ஊரா! எங்க அம்மாவுக்குப் பண்ணைக்காடுண்ணே. நம்ம மலை வண்டிக்கு நான் கண்ட ஆயிலை ஊத்துவேனா?" என்றார். அதோடு முடிந்தது. அதற்கு மேல் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா ஊரைச் சொல்லிவிட்டால் நமக்கு ஏனோ கேள்வி வருவதில்லை.

சீல் உடைக்காத கேனைக் கொண்டுவந்து காட்டினார். 15 டபிள்யூ 40, நான் வழக்கமாக ஊற்றும் கிரேடுதான். புது ஃபில்டர் பெட்டியையும் பக்கத்தில் வைத்தார். "பழைய ஆயில் சூடா இருக்கு, நல்லா வடியட்டும். நீங்க எதிர்ல டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, என் கணக்கு" என்றார். போனேன். ஒரு டீ, ஒரு வடை, அரை மணி நேரம். திரும்பி வந்தபோது கேன் காலியாகத் தரையில் கிடந்தது, வண்டி ஸ்டார்ட்டில் நின்றது, டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு காட்டினார். அளவு சரிதான். கேனைப் பார்த்தேன், ஃபில்டர் பெட்டியைப் பார்த்தேன். இரண்டும் வண்டிக்குள் போனதை மட்டும் பார்க்கவில்லை.

ஆயில் 4,100, ஃபில்டர் 480, இதர 270. மொத்தம் 4,850 ரூபாய். 'லேபர் இலவசம்' என்று தனியாக எழுதி அடிக்கோடு வேறு. பில் அல்ல, எஸ்டிமேட் சீட்டு. கடை முத்திரையும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. அதையும் அப்போது நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் கன்னங்கரேல் என்று இருந்தது. போன் போட்டேன். சிரித்தார். "டீசல் வண்டிண்ணே, ஒரே ஓட்டத்துல கறுத்துரும்." இது உண்மைதான். டீசல் எஞ்சினில் கரி கலப்பதால் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். பெட்ரோல் வண்டி மாதிரி நிறத்தை வைத்துப் பழசா புதுசா என்று சொல்ல முடியாது. இவர்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கடையை விட்டு வெளியே வந்த பிறகு எதையும் நிரூபிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நாலாவது நாள் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் விசில் மாதிரி ஒரு சத்தம். ஒன்பதாவது நாள், உர மூட்டையோடு டம்டம் பாறை தாண்டி ஊத்து என்ற ஊர் வருவதற்குள் இழுவை செத்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. அடுத்த வளைவில் ஆயில் பிரஷர் சிவப்பு லைட் எரிந்தது. உடனே ஓரம் கட்டி அணைத்துவிட்டேன். எஞ்சின் பிழைத்தது அதனால்தான். மூடுபனியில் மூன்று மணி நேரம் கல்லை முட்டுக்கொடுத்து நின்றேன். ரெக்கவரி வண்டிக்கு 6,000.

நம் மெக்கானிக் கல்யாணம் முடித்து வந்திருந்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பி இழுவை கொடுக்கும் டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் ஆட்டினார், லொடலொட என்று ஆடியது. அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சாமான், பேரிங்கில் இருக்கும் ஆயில் படலம்தான் அதைத் தாங்குகிறது. அப்புறம் ஃபில்டரைக் கழற்றினார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாட்டும் ஒவ்வொரு ஃபில்டரிலும் கிலோமீட்டரை வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எழுதிவிடுவார். கழற்றிய ஃபில்டரைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார். 84,210. போன முறை அவரே எழுதியது. டீசல் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், பாதி அழிந்திருக்கிறது, ஆனால் நாலும் ரெண்டும் நன்றாகத் தெரிகிறது.

480 ரூபாய் ஃபில்டர்! அதைக்கூட மாற்றவில்லை!

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதில் உள்ள பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்கு அனுப்பும் என்றார். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, தண்ணீர் மாதிரி இருக்கிறது, வேறு வண்டியில் வடித்ததைத் தெளியவைத்து ஊற்றியிருப்பார்கள் என்றார். ஆயிலை லேபில் கொடுத்துப் பார்க்கவில்லை, அதனால் ஆயில் விஷயம் சந்தேகம் என்றுதான் சொல்வேன். ஃபில்டரில் சந்தேகமே கிடையாது. டர்போவும் வேலையும் 27,500. அந்த 4,850, ரெக்கவரி 6,000, இது 27,500. கூட்டிப் பாருங்கள், 38,350. ஓடாத நாட்களின் வாடகையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

போன் செய்தேன். "மலை ஏத்தத்துல டர்போ போறது சகஜம்ண்ணே." மறுநாள் செய்தால் ஒரு பையன் எடுத்து, ஓனர் திருப்பூர் போயிருக்கார் என்றான். அதற்கு மறுநாளும் திருப்பூர். பஸ் ஏறி நேரிலேயே போனேன், ஓனர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஃபில்டரை மேஜையில் வைத்தேன். "இது நான் மாட்டுனதுன்னு எப்படிச் சொல்றீங்க?" சீட்டை நீட்டினேன். "இது எஸ்டிமேட்தானே, பில் எங்கே?" கடைசியில், ஏற்றம் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே எஞ்சினை அணைத்திருப்பீர்கள், அதனால்தான் டர்போ போயிற்று என்று எனக்கே பாடம் எடுத்தார். ஐடிலில் விட்டு ஆறவைத்துத்தான் அணைக்க வேண்டும் என்பது 14 வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? இந்த முறை அண்ணே எல்லாம் இல்லை, 'சார்' ஆகிவிட்டேன். கிளம்பும்போது, "அடுத்த ஆயில் சேஞ்சுக்கு லேபர் ஃப்ரீயா பண்ணித் தர்றேன் சார்" என்றார். போர்டு என் தலைக்கு மேலேயே தொங்குகிறது. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. வடியும்போதும் ஊற்றும்போதும் வண்டியை விட்டு நகராதீர்கள், டீயை அங்கேயே வரவழையுங்கள். சீலை உங்கள் கையால் உடையுங்கள். மாட்டும் முன் புது ஃபில்டரில் தேதியை எழுதுங்கள், பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். காலிக் கேனை ஆணியால் குத்திவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அதில்தான் அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். எஸ்டிமேட் சீட்டை வாங்காதீர்கள், ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். சிவப்பு லைட் எரிந்தால் 'அடுத்த வளைவு வரை' என்று ஓட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பிழைப்புக்காக நாமே ஓட்டும் வண்டி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. திங்கட்கிழமை திண்டுக்கல் போகிறேன். கடை பெயரை யாரும் கேட்க வேண்டாம், மனு போடும் வரை சொல்வதாக இல்லை. ஃபில்டரை பாலிதீன் பையில் கட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். துருப்பிடித்த டப்பா என்று நினைத்து வீட்டில் ஒருமுறை குப்பையில் போடப் போனார்கள், பிடுங்கி வைத்திருக்கிறேன்.