லின் எல்பி12ஆ, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜியா? மேம்படுத்தும் காசு எங்கே போகிறது

இரண்டுமே ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள்கள். டெக்னிக்ஸின் முதல் எஸ்எல்-1200 ஜப்பானிலிருந்து 1972இல் வந்தது. லின்னின் எல்பி12 அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. வயது ஒன்றுதான், போக்கு நேரெதிர்.

லின்னில் ரெக்கார்டு வைக்கும் தட்டு, அது சுழலும் அச்சான பேரிங், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் எல்லாம் மூன்று ஸ்பிரிங்குகள் தாங்கும் உள்சட்டத்தில் இருக்கும். மோட்டார் தனியே நின்று பெல்ட்டால் தட்டைச் சுழற்றும். 2016இல் வந்த 1200ஜியில் பெல்ட் இல்லை. இரும்புக் கரு இல்லாத மோட்டார் 3.6 கிலோ தட்டை நேரடியாகச் சுழற்றுகிறது. பழைய நேரடி மோட்டார்களில் சொல்லப்பட்ட விட்டுவிட்டு இழுக்கும் குறையை நீக்கத்தான் அந்தக் கருவை எடுத்தார்கள்.

லின்னுக்கு உதிரிபாகம் வாங்கும் முன் செட்டிங்கைப் பாருங்கள். ஆர்ம், கார்ட்ரிட்ஜ் (ஊசி உள்ள பகுதி), மேட் (தட்டின் மேல் விரிப்பு), ரெக்கார்டு எல்லாம் வைத்த பிறகே ஸ்பிரிங் நட்டுகளைத் திருப்ப வேண்டும். தட்டை லேசாக அமுக்கி விட்டால் நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் அசைந்தால் ஒரு ஸ்பிரிங் சாய்ந்திருக்கிறது, அல்லது ஆர்ம் கேபிள் விறைப்பாகச் சட்டத்தை இழுக்கிறது. கேபிள்தான் பலர் கவனிக்காத இடம். கார்ட்ரிட்ஜின் எடை மாறினால் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.

அதன்பின் என் வரிசை: முதலில் 2020இல் வந்த கேரொசெல் பேரிங், அடுத்து லிங்கோ அல்லது ராடிக்கல் மின்வழங்கி, கடைசியில் ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்த கீல் உள்சட்டம். கீலை முதலில் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த விலைக்கு எனக்குச் சம்மதமில்லை. மரத்தளம் என்றால் சுவர் அலமாரியில் வையுங்கள், இல்லையேல் நடந்தாலே ஊசி துள்ளும். காங்கிரீட் தளத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

டெக்னிக்ஸில் டர்ன்டேபிளின் பாகங்களைத் தொட வேண்டியதில்லை. பணம் கார்ட்ரிட்ஜுக்கும் அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்புக்கும் போகட்டும். கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஹெட்ஷெல்லோடு ஆர்மின் செயல்நிறை (ஊசி முனையில் உணரப்படும் நிறை) சுமார் 14 கிராம் என்று கொள்வோம். 8.5 கிராம் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ், திருகுகள் 1 கிராம் சேர்ந்தால் 23.5. கம்ப்ளையன்ஸ், அதாவது ஊசித் தண்டின் நெகிழ்வு, 10 என்று கொண்டால் பெருக்கல் 235. 159ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுக்க ஒத்ததிர்வு (ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகம்) 10.4 ஹெர்ட்ஸ். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருப்பதால் சரியான ஜோடி. கம்ப்ளையன்ஸ் 22 உள்ள, 7 கிராம் கார்ட்ரிட்ஜைப் பூட்டினால் 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வளைந்த ரெக்கார்டில் வூஃபரின் (தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்) கோன் துடிப்பது கண்ணுக்கே தெரியும். தடிமனான மேட் போட்டால் ஆர்ம் உயரத்தையும் ஏற்றுங்கள், பிறகு உயரப் பூட்டை இறுக்க மறக்காதீர்கள்.

புதிதாக வாங்குபவருக்கு என் ஓட்டு டெக்னிக்ஸுக்கே. கையில் ஏற்கெனவே லின் இருந்தால் விற்க வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் செட்டிங் தெரிந்த ஆள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டே பாகங்களுக்கு ஆர்டர் கொடுங்கள்.