25 டிகிரி கேட்டால் தராத பிளேட் ரீடர்

கடலூரில் கல்லூரியில் பாடம் எடுக்கும் தோழி போன் போட்டாள். "ஹெலிகேஸ் அளக்க பிளேட் ரீடர் வாங்கலாமாடி, இல்ல ஜெல்லே போதுமா?" ஹெலிகேஸ் என்பது டி.என்.ஏ.வின் இரட்டை இழையைப் பிரிக்கும் என்சைம். அதன் வேகத்தை, சின்னச் சின்னக் குழிகளின் ஒளிர்வை அளக்கும் பிளேட் ரீடரிலும் பார்க்கலாம், பிரிந்த இழையையும் பிரியாததையும் மின்சாரத்தால் தனித்தனியே ஓடவிடும் ஜெல்லிலும் பார்க்கலாம். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டாள். எங்கள் ரீடருக்கு விளக்கு மாற்றிய பில் இன்னும் மேசையில் கிடக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஒட்டிய டி.என்.ஏ.தான். அதன் அரை ஆயுளே 14 நாள் சொச்சம், வந்த கையோடு விழுந்தடித்து வேலை பார்க்கணும். இப்போது ஓர் இழையில் சாயம், எதிர் இழையில் அதை அணைக்கும் குவென்ச்சர். ஹெலிகேஸ் இரண்டையும் பிரித்தால் சாயம் ஒளிரும். பிரிந்தவை மறுபடி ஒட்டாமலிருக்க, சாயமில்லாத ட்ராப் இழையைத் தாராளமாகப் போட்டுவிடுவோம். என்சைமுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. விட்டதும் திரையில் கோடு ஏறும் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். அதுவும் 96 குழியில், ஒரே நேரத்தில்!

ஆனால் இந்த வெப்பநிலை விஷயம் இருக்கிறதே. எங்கள் மாடலுக்குச் சூடாக்கத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. அறையைவிட நாலைந்து டிகிரி மேலேதான் நிலையாக நிற்கும். புதுச்சேரியில் மே மாத மதியம் கரண்ட் போய் ஏசி நின்றால், 25 என்று போட்டது வெறும் ஆசைதான். காலையில் எடுத்த கோட்டின் மேல் மதியக் கோடு உட்காராது. சூட்டில் என்சைம் வேகமாகிறது, சாயத்தின் ஒளிர்வோ மங்குகிறது. எது என்சைம், எது வெயில் என்று எப்படிப் பிரிப்பது? ஏ.டி.பி. இல்லாத குழி ஒன்று, முழுக்கப் பிரிந்ததற்கு அடையாளமாகக் கொதிக்கவைத்த டி.என்.ஏ. ஒன்று என்று ஒவ்வொரு பிளேட்டிலும் வைத்துச் சமாளிக்கிறோம். அப்போதும் வேகம் வேகம்தானே, அது மாறத்தான் செய்கிறது.

சர்வீஸுக்கு வந்தவர், "ரூமைக் குளிரா வச்சுக்கங்க மேடம்" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜெல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குளிரவைக்கும் வாட்டர் பாத்தில் டியூபை வைத்தால் 25 என்றால் 25தான். வேண்டிய நொடியில், என்சைமை முடக்கும் ஈ.டி.டி.ஏ., எஸ்.டி.எஸ். விட்டு வினையை நிறுத்திவிடலாம். கதிரியக்கம் வேண்டாமென்றால், ஜெல்லைப் படமெடுக்கும் இமேஜர் இருந்தால் சாயம் ஒட்டிய இழையையே ஓட்டலாம். கோடு வரையக் கிடைக்கும் புள்ளிகள் குறைவுதான், நாளும் போய்விடும்.

அவள் லேப் மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த ஜன்னல் வேறு. வாங்காதே என்று சொல்லிவிட்டேன். ஐப்பசி மழையில் கேட்டிருந்தால், கடன் வாங்கியாவது வாங்கு என்றிருப்பேன்.