பென்சிலா, பால்பாயிண்ட் பேனாவா? வரையப் பழகுகிறவருக்கு எது முதலில்?

வரையப் பழக ஆரம்பித்த முதல் நான்கு மாதம் பென்சிலும் ரப்பருமாக இருந்தேன். அடுத்த எட்டு மாதம் சாதாரண நீல பால்பாயிண்ட் பேனா. இரண்டில் எது என்று கேட்டால், கோடும் வடிவமும் கைக்கு வரும்வரை பேனாதான் என்பேன்.

பென்சிலின் குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஹெச்பியிலிருந்து 2பி, 4பி, 6பி என்று போகப் போக முனை மென்மையாகும், கருமை கூடும். அழிக்கலாம், நிழல் போடலாம். கை பட்டால் ஈஷும். அவ்வளவுதான்.

பேனாவில் ஒரு விஷயம். பால்பாயிண்டில் அழுத்தத்தைக் குறைத்தால் கோடு நன்றாகவே மெலியும். ஜெல் பேனாவில் அந்த வித்தியாசம் வராது. அதனால் இங்கே பேனா என்பது பால்பாயிண்ட் மட்டும். முனையில் மை திரளும்; துண்டுத் தாளில் துடைத்துக்கொண்டால் சரி.

என்னை மாற்றியது, அதை அழிக்க முடியாது என்பதுதான். பென்சில் நாட்களில் ஒரு டம்ளரை வரைவேன், அடிப்பகுதி ஒட்டாத மாதிரி இருக்கும், அழிப்பேன். மறுபடி வரைவேன், மறுபடி அழிப்பேன். கடைசியில் தாளில் ஒரே ஒரு டம்ளர் மிஞ்சும், அதுவும் கோணலாக. எங்கே தப்பு என்கிற தடயமெல்லாம் ரப்பர் தூளோடு போயிருக்கும்.

பேனாவில் அதே டம்ளரை ஒரே பக்கத்தில் பன்னிரண்டு முறை வரைந்தேன். நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது: பன்னிரண்டிலும் வாய் நீள்வட்டமாக வளைந்திருக்க, அடி மட்டும் தட்டைக் கோடு. டம்ளர் மேசையில் தட்டையாகத்தானே நிற்கிறது என்று மனம் நினைத்ததைக் கை வரைந்துகொண்டிருந்திருக்கிறது. உண்மையில் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் உருண்டு தெரியும். அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நான்கு மாதம் பிடிபடாதது அந்த ஒரு பக்கத்தில் பிடிபட்டது.

அப்புறம், ரப்பர் இல்லையென்றால் கை தானாக நிதானிக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் புள்ளி வைத்து, தாளில் படாமல் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து, தோளிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்கிறேன். பென்சிலிலும் இதைச் செய்யலாம். ஆனால் ரப்பர் பக்கத்தில் இருந்தவரை நான் செய்யவில்லை. குட்டிக் குட்டியாகக் கீறித்தான் கோட்டை ஒட்டவைத்தேன்.

முகம் வரைவதில் என் பழக்கம் குறைவு. பேனாவில் வரைந்த ஏழெட்டு முகங்களிலும் கண் இடம் தவறிவிட்டது. முதலில் மெல்லிய பென்சிலில் அளவு குறித்திருந்தால் திருத்தியிருக்கலாம். எனவே முகம்தான் வரைய வேண்டும் என்கிறவருக்குப் பேனாவை அடித்துச் சொல்ல மாட்டேன். வரைந்ததைச் சுவரில் மாட்டவும் பென்சில்தான் மேல். பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும், கிராஃபைட் மங்காது. என் பயிற்சி நோட்டு மூடியே கிடப்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

நிழல் பழக இப்போது 4பி பென்சில் எடுத்திருக்கிறேன். ரப்பர் மட்டும் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.